ஆர்ஜிஆர் குறைஞ்சா ஒரு அறிவியல் துறை படுத்துடுச்சுன்னு அர்த்தமா?

இல்லைங்க, அந்தத் துறை படுக்கல. நீங்க ரெண்டு துறையோட ஆய்வுப் பேப்பர் எண்ணிக்கைய எடுத்து ஆர்ஜிஆர், அதாவது சார்பு வளர்ச்சி வீதம் போட்டிருக்கீங்க. புதுத் துறைல அது 0.74லேர்ந்து 0.34க்கு இறங்கிடுச்சு, பழைய துறை 0.05லயே நிக்குது, அப்ப புதுசோட வேகம் போயிடுச்சான்னு கேக்கறீங்க. நானும் ஆய்வு பண்றப்ப இதே டேபிளைப் போட்டு "வளர்ச்சி சரிகிறது"ன்னு ஒரு முழு அத்தியாயமே எழுதினேன், அப்புறம் மொத்தத்தையும் மாத்தி எழுத வேண்டியதாச்சு, அதான் விரிவா சொல்றேன்.

கணக்கு சுலபம்தான். இந்த வருஷம் வரைக்கும் சேர்ந்த மொத்த பேப்பரோட இயற்கை லாக் (ln), அதுல போன வருஷம் வரைக்கும் சேர்ந்த மொத்தத்தோட லாக்கைக் கழிக்கணும். செடி எவ்ளோ வேகமா எடை போடுதுன்னு பாக்க தாவரவியல்ல பயன்படுத்தற கணக்கு இது, அங்கேர்ந்து பேப்பர் எண்றவங்களும் எடுத்துக்கிட்டாங்க. 0.693ஐ இந்த வீதத்தால வகுத்தா இரட்டிப்புக் காலம் வந்துடும்.

சிக்கல் அந்த "மொத்தம்"ங்கற வார்த்தைலதான் இருக்கு. ஒரு துறைல முதல் வருஷம் 100 பேப்பர், அப்புறம் 110, 121, 133ன்னு வருஷா வருஷம் பிசகாம 10 சதவீதம் ஏறுதுன்னு வச்சுக்கோங்க. கூட்டிக்கிட்டே போனா 100, 210, 331, 464. ஆர்ஜிஆர் போட்டுப் பாருங்க, 0.74, 0.46, 0.34. உங்க டேபிள்ல இருக்கற அதே நம்பர்! வேகம் துளிகூட குறையாத துறை இது, ஆனா டேபிளைப் பாத்தா சரிஞ்சுக்கிட்டே இருக்கற மாதிரி தெரியும், பல வருஷம் போன பிறகுதான் 0.095 பக்கத்துல வந்து நிக்கும். இப்ப வருஷத்துக்கு வெறும் 100 பேப்பர்னு தேங்கிப் போன துறைக்கு அதே கணக்கைப் போடுங்க, 0.69, 0.41, 0.29. வளர்ற துறையும் தேங்கின துறையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இறங்குது பாத்தீங்களா? எங்கேர்ந்து எண்ண ஆரம்பிச்சோம்ங்கறதுதான் இங்க பேசுது, துறை பேசல. உங்க பழைய துறை 0.05ல ஆடாம நிக்கறதுக்கும் பெரும்பாலும் இதான் காரணமா இருக்கும், அதுக்குப் பின்னாடி ஏற்கனவே பெரிய குவியல் இருக்கும்ல.

அதனால கூட்டுத்தொகைய விட்டுட்டு வருஷாந்திர எண்ணிக்கைய மட்டும் எடுங்க, அதுக்கு லாக் போட்டு கிராஃப்ல வைங்க, கோட்டோட சாய்வுதான் உண்மையான வீதம். அறிவியல் வரலாற்றாளர் டெரெக் டி சொல்லா பிரைஸ் இந்த வளர்ச்சியக் கண்ணால பாத்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1940கள் கடைசில சிங்கப்பூர் ராஃபிள்ஸ் கல்லூரில வேலை பாத்தப்ப, லண்டன் ராயல் சொசைட்டியோட 1665லேர்ந்து வந்த இதழ்த் தொகுதிகள வீட்ல வச்சிருந்தார், பத்து பத்து வருஷமா பிரிச்சு சுவரோரமா அடுக்கினா ஒவ்வொரு அடுக்கும் முன்னதை விட உயர்ந்து உயர்ந்து அடுக்குக்குறி (exponential) வளைவு அப்படியே நிக்குது. பின்னாடி 1963ல வந்த அவர் புத்தகத்துல அறிவியல் 10லேர்ந்து 15 வருஷத்துக்கு ஒருதடவை இரட்டிப்பாகுதுன்னு எழுதினார்.

அடுத்து, எதை எண்றீங்கங்கறது. லுட்ஸ் போர்ன்மான், ருடிகர் முட்ஸ்னு ரெண்டு ஆய்வாளர்கள் 2015ல மேற்கோள் காட்டப்பட்ட படைப்புகள எண்ணி, இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம் வருஷத்துக்கு 8-9 சதவீதம்னு சொன்னாங்க. 2021ல ராபின் ஹவுன்ஷில்டும் சேர்ந்து, பேப்பர்களப் பட்டியல் போட்டு வச்சிருக்கற நாலு தரவுத்தளத்துல நேரா வெளியீடுகளையே எண்ணினப்ப மொத்தக் காலத்துக்கும் சேர்த்து வந்தது 4.1 சதவீதம், இரட்டிப்புக்கு 17.3 வருஷம். அதே ஆளுங்க, அதே அறிவியல், அளவுகோலும் காலமும் மாறினதும் விடை பாதியாயிடுச்சு. அதனால ரெண்டு துறையையும் ஒரே தரவுத்தளத்துல, ஒரே வருஷங்களுக்கு எடுங்க. தரவுத்தளம் புதுசு புதுசா இதழ்கள சேத்துக்கிட்டே இருக்கும், அதுவே வளர்ச்சி மாதிரி தெரியும், அதனால மொத்தத் தரவுத்தளத்தோட வீதத்தையும் கழிச்சுப் பாருங்க: துறை 6, மொத்தம் 4னா அந்தத் துறையோட பங்கு வருஷத்துக்கு சுமார் 2 சதவீதம் ஏறுது, அவ்ளோதான். ஆரம்பத்துலேர்ந்து இருக்கற இதழ்கள மட்டும் வச்சு இன்னொரு தடவை ஓட்டினா இன்னும் நல்லது.

பேப்பருக்குப் பதிலா ஆய்வாளர் பேர எண்ணி ஒப்பிட்டுடாதீங்க. இயற்பியல்ல ஹிக்ஸ்ங்கற அடிப்படைத் துகளோட நிறையைப் பத்தி 2015ல வந்த ஒரே பேப்பர்ல 5,154 பேர், கணிதத்துல ஒருத்தர் ரெண்டு பேர் எழுதறதே சகஜம்.

சின்னத் துறை 10லேர்ந்து 20 ஆனா 100 சதவீதம், பெருசு 10,000லேர்ந்து 11,000 ஆனா வெறும் 10, ஆனா கூடினது ஆயிரம் பேப்பர். வீதத்துக்குப் பக்கத்துலயே எண்ணிக்கையையும் போட்டுடுங்க, எந்த வருஷத்துலேர்ந்து எடுத்தீங்க, எந்தத் தேதில தேடினீங்கன்னும் டேபிள் தலைப்புலயே எழுதிடுங்க.