'டாக்டர்' போர்டும் மருந்துச் சீட்டும்

கேள்வி: பிசியோதெரபி படித்தவர்கள் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போட்டுக்கொள்வது சரியா? மருத்துவத் துறையில் அந்தப் பட்டம் யாருக்கு உரியது?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என்னையும் சிலர் டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். தென்காசிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் மெடிக்கல் வைத்திருக்கிறேன். படித்தது டி.பார்ம்., மருந்தாளுநருக்கான இரண்டு வருடப் படிப்பு. "டாக்டர் தம்பி, நேத்துக் குடுத்த மாத்திர கேக்கலையே" என்று வந்து நிற்கிற ஆச்சியிடம் போய்ச் சட்டம் பேச முடியுமா? ஊசி போடுகிறவர், கட்டுப் போடுகிறவர், மாட்டுக்கு வைத்தியம் பார்க்கிறவர் எல்லாருமே இங்கே டாக்டர்தான். ஜனங்கள் வாயால் கூப்பிடுவதை யாரும் தடுக்க முடியாது. நான் சொல்லப்போவது, போர்டிலும் லெட்டர்பேடிலும் அவரவரே எழுதிக்கொள்ளும் 'டாக்டர்' பற்றி.

2025-இல் நடந்த கூத்தால்தான் இந்தக் கேள்வி சூடு பிடித்தது. பிசியோதெரபி உள்ளிட்ட துறைகளுக்கென்று 2021 சட்டத்தின்படி ஒரு தேசிய ஆணையம் இருக்கிறது. அதன் புதிய பாடத்திட்டம் ஏப்ரலில் வந்தபோது, பெயருக்கு முன்னால் 'டாக்டர்', பின்னால் 'பி.டி.' என்று போட்டுக்கொள்ளலாம் என்றிருந்தது. செப்டம்பர் 9-ஆம் தேதி, மத்திய சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநரகம் இந்திய மருத்துவச் சங்கத்துக்கு எழுதிய கடிதத்தில், அப்படிப் போடக் கூடாது, நோயாளிகள் குழம்புவார்கள், 1916-ஆம் வருட இந்திய மருத்துவப் பட்டங்கள் சட்டத்துக்கே விரோதம் என்றது. மறுநாளே, இன்னும் ஆராய வேண்டியிருக்கிறது என்று சொல்லி அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஒரே நாளில்!

அந்த 1916 சட்டம் குறிவைப்பது, மேற்கத்திய மருத்துவம் பார்க்கத் தகுதியுள்ளவர் என்று பொய்யாகக் காட்டிக்கொள்வதை. அதில் எழுதியிருக்கும் அபராதம் முதல் தடவை 250 ரூபாய் வரை, மறுபடி மாட்டினால் 500 வரை. போர்டு எழுதவே அதைவிட அதிகம் ஆகும்.

எம்.பி.பி.எஸ். படித்தவருக்கு மட்டுமே அந்தச் சொல் சொந்தம் என்ற வாதத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதுவும் இளநிலைப் பட்டம்தான். பிரிட்டனில் அறுவை சிகிச்சை நிபுணரை 'மிஸ்டர்' என்றுதான் சொல்கிறார்கள், அதனால் அவர் கத்தி ஒன்றும் மழுங்கிவிடவில்லை. நம் ஊர் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே ஒரு கௌரவ டாக்டர், எம்.ஜி.ஆர்., இருக்கிறார்.

அப்படியானால் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டுமா? அங்கேதான் என் கல்லாப்பெட்டிப் பக்கத்துக் கவலை வருகிறது.

ஒரு நாள் ஓர் ஆச்சி முழங்கால் வலிக்குச் சீட்டுக் கொண்டுவந்தார். மேலே 'டாக்டர்' என்று ஒரு பெயர், ஒரு செல் நம்பர். படிப்பும் இல்லை, பதிவு எண்ணும் இல்லை. எழுதியிருந்தது பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை, பத்து நாளைக்கு. ஆச்சிக்குச் சர்க்கரை உண்டு, மாதாமாதம் என்னிடம்தான் மாத்திரை வாங்குகிறார். ஸ்டீராய்டு போட்டால் சர்க்கரை எகிறும். அந்த நம்பருக்கு அடித்துக் கேட்டேன். பிசியோதெரபி முடித்தவராம். மருந்து தர முடியாது என்றதும் ஆச்சிக்கு வந்ததே கோபம்! "டாக்டரே எழுதியிருக்காரு, ஒனக்கு என்னலே?" அவர் கேட்டதில் தப்பே இல்லை. சீட்டில் அப்படித்தானே இருந்தது.

மருந்து விதிகளில் ஷெட்யூல் எச் என்றொரு பட்டியல் உண்டு. அதிலுள்ள மருந்தைப் பதிவுபெற்ற மருத்துவர் சீட்டு இல்லாமல் நான் கொடுக்கக் கூடாது. இன்னும் கண்டிப்பான எச்1 பட்டியல் மருந்து என்றால் 2014 முதல் தனி ரிஜிஸ்டரே உண்டு. எழுதியவர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாம் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அந்தக் கட்டத்தை நிரப்பும்போது 'டாக்டர்' என்ற சொல் எனக்கு எதையுமே சொல்வதில்லை. எந்தக் கவுன்சில், என்ன எண் என்பதுதான் சொல்லும்.

அதற்காக பிசியோதெரபிஸ்ட் என்றாலே இளக்காரம் என்று நினைக்க வேண்டாம். என் அப்பாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனபோது, வீட்டுக்கு வந்து நடக்கப் பழக்கியது ஒரு பிசியோ தம்பி. ஒரு நாள் காலைப் பார்த்தவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். இடது கெண்டைக்கால் வீங்கிச் சூடாக இருந்தது. "இன்னைக்குப் பயிற்சி வேண்டாம் அண்ணாச்சி, யாரும் அமுக்கியும் விட்றாதீங்க. ஒடனே டாப்ளர் ஸ்கேன் எடுங்க" என்றார். நரம்பு இழுத்திருக்கும், எண்ணெய் தேய்க்கலாம் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். எடுத்துப் பார்த்தால் உள் சிரையில் ரத்தம் உறைந்திருந்தது. தேய்த்து, அது பிய்ந்து நுரையீரலுக்குப் போயிருந்தால் கதையே வேறு. தன் வேலையின் எல்லை எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதற்காகவே அவரை டாக்டர் என்று கூப்பிட எனக்குத் தயக்கமில்லை.

உச்ச நீதிமன்றம் 1996-இல் ஒரு வழக்கில் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். ஹோமியோபதி படித்துப் பதிவு செய்த ஒருவர் காய்ச்சலுக்கு அலோபதி மருந்து கொடுத்தார், நோயாளி இறந்துபோனார். ஒரு மருத்துவ முறையைப் படிக்காமல் அந்த முறையில் வைத்தியம் பார்ப்பவர் போலி மருத்துவர்தான் என்றது தீர்ப்பு. அவர் போர்டில் பொய் இல்லை. சீட்டில்தான் இருந்தது.

எனக்குத் தோன்றுவது, தமிழ் இதை எப்போதோ தீர்த்துவைத்துவிட்டது. பிஎச்.டி. வாங்கியவர் முனைவர். மற்றவர்கள் பல் மருத்துவர், கால்நடை மருத்துவர், சித்த மருத்துவர். பிசியோதெரபி படித்தவர் இயன்முறை மருத்துவர். என்ன மருத்துவர் என்பது முன்னாலேயே வந்துவிடுகிறது. 'டாக்டர்' போட்டால் அந்த முன்பாதி காணாமல் போகிறது. 2023-இல் அலோபதி மருத்துவர்களுக்கான தேசிய மருத்துவ ஆணையம் தன்னிடம் பதிவு செய்தவர்களுக்கு மட்டும் 'மெட். டாக்டர்' என்று கொண்டுவரப் பார்த்தது. அந்த விதிகளையே அதே மாதம் நிறுத்திவைத்தார்கள்.

ஆகவே என் பதில்: அங்கீகரித்த படிப்பும் பதிவும் உள்ள யாரும் போட்டுக்கொள்ளட்டும். ஆனால் என்ன மருத்துவர் என்பது தமிழில், அதே அளவு எழுத்தில், பக்கத்திலேயே இருக்க வேண்டும். பதிவு எண் இல்லாத லெட்டர்பேடு செல்லாது.

அந்த பிசியோ தம்பி தனியாக கிளினிக் வைத்தபோது போர்டு பற்றி என்னிடம் கேட்டார். இதையேதான் சொன்னேன். 'இயன்முறை மருத்துவர்' நீளமான சொல், இடம் பற்றவில்லை. 'டாக்டர்' கொஞ்சம் சிறுத்துப்போய் ஓரத்தில் நிற்கிறது.