விரால் ஏன் தூண்டிலில் மாட்ட மாட்டேன் என்கிறது?

கேள்வி: சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்களில் மூன்று மாதமாகத் தூண்டில் போடுகிறேன். ஜிலேபியும் கெளுத்தியும்தான் மாட்டுகின்றன. விரால் பிடிக்க என்ன வழி?

மண்புழுவைக் கோத்துப் போட்டுவிட்டு, தக்கையைப் பார்த்தபடி ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படி உட்கார்ந்தால் ஜிலேபிதான் வரும். 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஆப்பிரிக்க மீன் அது. தாய் முட்டையை வாயிலேயே வைத்துப் பொரிக்கும் சாதி, பெருகுவதற்குக் கேட்கவா வேண்டும்? கெளுத்தியைக் கழற்றும்போது மட்டும் கவனம். முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று முள். குத்தினால் பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் கையை வையுங்கள், கடுப்பு குறையும்.

விராலுக்கு நாம்தான் எழுந்து நடக்க வேண்டும். அதற்குச் செவுள் மட்டும் போதாது, காற்றையும் விழுங்கிச் சுவாசிக்கிற மீன். அதனால் எவ்வளவு உஷாரான விராலும் அவ்வப்போது மேலே வந்தே தீரும். காற்றடிக்காத விடியற்காலையில் கோரை ஓரமாக, நிழல் தண்ணீரில் விழாமல் நின்று பாருங்கள். 'ப்ளக்' என்று ஒரு சத்தம், ஒரே ஒரு வளையம், நடுவில் ரெண்டு குமிழி. ஜிலேபிக் கூட்டம் மேய்ந்தால் தண்ணீர் பரவலாகச் சிலிர்க்கும். நாலு நாளில் வித்தியாசம் பிடிபட்டுவிடும்.

வளையத்தின் மேலேயே எறியாதீர்கள், ஓடிவிடும். ரெண்டு முழம் தள்ளிப் போட்டு, தத்தித் தத்தி இழுத்துக்கொண்டு வாருங்கள். முன்பெல்லாம் தவளைக் குஞ்சைக் கோப்பார்கள், நான் இப்போது ரப்பர் தவளைதான். தூண்டில் முள் ரெண்டும் அதன் முதுகோடு ஒட்டியிருப்பதால் ஆகாயத்தாமரையில் சிக்காது. விரால் அடித்ததும் உடனே சுண்டுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. அது கவ்வி, வாயை மூடிக் கீழே திரும்பட்டும். மனசுக்குள் மூன்று எண்ணிவிட்டுச் சுண்டுங்கள். அவசரப்பட்டால் தவளை பறந்து வந்து நெற்றியில் அடிக்கும், எனக்கு அடித்திருக்கிறது. மாட்டியபின் விளையாட்டுக் காட்டாமல் நேராகக் கரைக்கு இழுக்க வேண்டும். கோரைக்குள் புகுந்துவிட்டால் தூண்டில் நரம்பும் போச்சு, மீனும் போச்சு.

கண்மாயைக் குத்தகைக்கு விட்டிருந்தால் எடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வளர்ப்புக் குஞ்சு விட்டிருப்பார்கள், வீண் சண்டை வரும்.

இன்னொன்று. எனக்குப் பதினான்கு வயசு இருக்கும். மடை ஓரத்தில் குங்குமத்தைக் கொட்டியது மாதிரி தண்ணீர் செவந்து, கொதிப்பது போல நெளிந்தது. எல்லாம் விரால் குஞ்சு. அதன் நடுவில் போட்டேன். முதல் வீச்சிலேயே என் முழங்கை நீளத்துக்கு ஒன்று மாட்டியது. வீட்டில் எல்லோருக்கும் காட்டிவிட்டுச் சித்தப்பாவிடம் கொண்டுபோனேன்.

"எங்க புடிச்ச?"

சொன்னேன்.

"அது பசிக்கு கடிக்கலடா. குஞ்சுகிட்ட வந்தத விரட்ட வந்துச்சு."

அவ்வளவுதான் சொன்னார். ராத்திரி குழம்பு வைத்தார்கள். அவர் ரசம் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்துவிட்டார். மறுநாள் சாயங்காலம் அதே மடைக்குக் கூட்டிப்போனார். செவப்பு ஒரு கையளவுதான் மிச்சம், அதுவும் சிதறிச் சிதறி ஓடிக்கொண்டிருந்தது. சுற்றிலும் ஜிலேபி, ஒவ்வொன்றாகக் கொத்திக்கொண்டு.

மழைக்காலத்தில் கண்மாய் பெருகியதும் இந்தச் செவப்பு உங்கள் கண்ணிலும் படும். அங்கே போட்டால் சுலபமாக மாட்டும். தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு அடுத்த மடைக்குப் போய்விடுங்கள்.