மயிலாப்பூரில் பழைய வீடு வாங்கலாமா?

மாட வீதி பக்கம் பழைய தனி வீடு விலைக்கு வருகிறது, வாங்கிக் குடியேறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்கலாம். ஆனால் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் மனை யாருடையது என்று பாருங்கள். அந்தப் பகுதியில் கபாலீசுவரர் கோயிலுக்குச் சொந்தமான மனைகள் நிறைய. அப்படிப்பட்ட இடத்தில் விற்பவருக்குக் கட்டடம் மட்டுமே சொந்தமாக இருக்கலாம். நிலத்துக்குக் கோயிலுக்கு வாடகை கட்டிக்கொண்டிருப்பார். 1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34-ஆவது பிரிவுப்படி, ஆணையர் அனுமதியில்லாமல் கோயில் நிலத்தை விற்றால் செல்லாது. 5 ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையும் அப்படித்தான். பத்திரத்தில் ‘கட்டடம் மட்டும்’ என்றிருந்தால் நேரே வக்கீலிடம் போங்கள். பரம்பரைச் சொத்து என்றால் மகள்கள் உட்பட எல்லா வாரிசுகளின் கையெழுத்தும் வேண்டும்.

அடுத்தது கூரை. பல வீடுகளில் மெட்ராஸ் டெரஸ்தான்: தேக்கு உத்திரங்களுக்கு மேல் மெல்லிய செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் நிறுத்தி அடுக்கியது. உத்திரம் சுவருக்குள் நுழையும் முனையைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கரையானும் ஈரமும் முதலில் பிடிப்பது அங்கேதான், மேலே வெள்ளையடித்தால் தெரியாது. சுண்ணாம்புச் சுவருக்கு சிமெண்ட் பூசவே பூசாதீர்கள்; ஈரம் உள்ளேயே தங்கிவிடும். இந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைவு. அதனால் பழுதுபார்க்கும் செலவையும் சேர்த்தே விலை பேசுங்கள்.

பங்குனியில் அறுபத்துமூவர் அன்று வண்டியை வெளியே எடுக்க முடியாது. அந்த ஊர்வலத்தை வாசலிலிருந்தே பார்ப்பதற்காகவே நான் அங்கே குடியிருப்பேன்.