ஊர்ச் சூளைல என் பானையையும் வைக்கலாமா?

கேள்வி: ஆச்சி, காரைக்குடில இருந்து எழுதுறேன். மண்பாண்டம் கத்துக்கிட்டு இருக்கேன், கரண்ட் சூளை வாங்க வசதி இல்ல. பக்கத்து ஊர்ல வேளார் குடும்பங்க சேர்ந்து ஒரே விறகுச் சூளைல சுடுறாங்க. ஆன்லைன்ல வாங்கின ஸ்டோன்வேர் மண்ணுல (நல்ல சூட்டுல கல்லு மாதிரி இறுகுற மண்ணு) செஞ்ச கப்பு கொஞ்சம் இருக்கு, அங்க வைக்கச் சொல்லிக் கேக்கலாமா?

பதில்: தாராளமா கேளுங்கம்மா, ஆனா அந்தக் கப்பு வேணாம். ஸ்டோன்வேர் இறுகணும்னா 1200 டிகிரி கிட்ட சூடு வேணும், நம்ம பக்கத்து சூளை 800, 900 தொடுறதே பெருசு, வெந்த மாதிரிதான் தெரியும் காபி ஊத்துனா கசிஞ்சிடும். கண்மாய் மண்ணுல மணல் சேத்து மிதிச்சு புதுசா செய்யுங்க.

முக்கியமா நல்லா காயணும். பானைய கன்னத்துல வச்சுப் பாருங்க, சில்லுனு இருந்தா உள்ள ஈரம் இருக்கு. அந்த ஈரம் ஆவியாகி வெளிய வர வழியில்லாம பானை வெடிச்சா உங்களோடது மட்டும் போகாது, ஒட்டி அடுக்கியிருக்க அடுத்த வீட்டு சட்டியும் அடுப்பும் சேந்து போகும், அது அவங்க சந்தைக்குக் கொண்டுபோற சரக்கும்மா. அய்யனாருக்கு செய்யுற பெரிய குதிரைய பாத்திருப்பீங்க, உள்ள கூடா விட்டு அங்கங்க ஓட்டையும் வச்சிருப்பாங்க, எல்லாம் இதுக்காகத்தான். அந்தக் குதிரைகளக் கோயிலுக்குத் தூக்கிட்டுப் போற புரவி எடுப்புத் திருவிழா நெருங்குற நேரத்துல மட்டும் போய்க் கேக்காதீங்க, சூளைல எடமே இருக்காது.

தீ போடுறவர் சொல்றதுதான் அங்க கணக்கு. தெர்மாமீட்டர்லாம் கிடையாது, புகை எப்ப வெளுத்து வருது எப்ப அடங்குது, உள்ள பானை என்ன செவப்புல நிக்குதுன்னு பாத்தே விறகு தள்ளுவார். மொதல்ல சின்னத் தீயாவே ரொம்ப நேரம் போகும், அவசரப்படாதீங்க. 573 டிகிரில மண்ணுல இருக்க குவார்ட்ஸ்ங்கற மணல் கனிமம் திடீர்னு விரியும், ஆறும்போது அதே சூட்டுல சுருங்கும், வேகமா ஆறுனா பானை விரிசல் விட்டுடும், அதனாலதான் மறுநாள் வரைக்கும் மூடியே போட்டிருப்பாங்க.

காசு எவ்வளவுன்னு கேட்டுக் குடுத்துட்டு வந்துடாதீங்கம்மா. அடுக்குறதுல இருந்து வைக்கோல் போட்டு மேல சேறு பூசுற வரைக்கும் கூட நில்லுங்க, அவங்க வேலைக்கு அதுதான் மரியாதை. பிரிக்கும்போது உங்களோடது ஒண்ணு ரெண்டு ஒடஞ்சிருந்தா அந்த ஒடஞ்ச ஓட்டுச் சில்ல அங்கயே விட்டுடுங்க, அடுத்த சூளைக்கு மேல மூட அவங்களுக்கு வேணும்.