வாடகை வீடு நல்ல ஏரியாவில், சொந்த வீடு தள்ளி: எது லாபம்?

கேள்வி: நங்கநல்லூரில் 17,000 ரூபாய் வாடகையில் இருக்கிறோம். எனக்கும் கணவருக்கும் கிண்டியில் வேலை. இரண்டு சம்பளமும் சேர்ந்து கைக்கு 80,000 வருகிறது. மகளுக்கு 7 வயது, மகனுக்கு 3. கூடுவாஞ்சேரி தாண்டி 52 லட்சத்துக்கு ஒரு ஃபிளாட் வருகிறது. சேமிப்பு 12 லட்சத்தையும் போட்டு, மீதிக்கு லோன் எடுக்கலாம் என்கிறார் கணவர். "வாடகை தண்டக் காசு. பிள்ளைகள் எங்கே இருந்தாலும் வளர்ந்துடும்" என்கிறார் மாமனார். எனக்கு மனசு ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?
- வாசகி, சென்னை

பதில்: முதலில் கணக்கு. 40 லட்சம் லோன், 8.5% வட்டி, 20 வருடம் என்றால் தவணை சுமார் 34,700. இப்போது கொடுக்கும் வாடகையைப் போல இரண்டு மடங்கு. பத்திரச் செலவு, கப்போர்டு வேலை, மாதாமாத மெயின்டெனன்ஸ் எதுவும் இதில் சேரவில்லை. இருக்கிற 12 லட்சத்தையும் துடைத்துப் போட்டால் ஆஸ்பத்திரிச் செலவு வந்தால்கூடக் கடன்தான். வட்டிக்கு வரிக் கழிவு உண்டு என்று பில்டர் ஆபீஸில் சொல்லியிருப்பார்கள். நீங்கள் புதிய வரி முறையில் இருந்தால், குடியிருக்கும் வீட்டுக்கு அது கிடையாது.

மாமனார் சொன்னதற்கு வருவோம். இதை அமெரிக்காவில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1994 முதல் 1998 வரை, பாஸ்டன், சிகாகோ உள்ளிட்ட ஐந்து நகரங்களில், அரசுக் குடியிருப்புகளில் இருந்த சுமார் 4,600 ஏழைக் குடும்பங்களைக் குலுக்கலில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வறுமை குறைந்த பகுதிகளில் குடியேற வாடகை உதவி கொடுத்தார்கள். பெற்றோரின் வருமானம் பெரிதாக மாறவில்லை. திட்டம் தோற்றது என்றுதான் ரொம்ப நாள் பேச்சு. பிறகு ராஜ் செட்டியும் சக பொருளாதார நிபுணர்களும் அந்தப் பிள்ளைகள் வளர்ந்து சம்பாதித்ததைத் தேடி எடுத்தார்கள். 13 வயதுக்குள் இடம் மாறியவர்கள் இருபதுகளின் நடுவில் ஏறக்குறைய 31% அதிகம் சம்பாதித்தார்கள். அதற்குப் பிறகு மாறியவர்களுக்கு லாபமில்லை, கொஞ்சம் நஷ்டம்கூட. நல்ல இடத்தில் கழியும் ஒவ்வொரு வருடமும் கணக்கில் சேர்கிறது என்பது அவர்கள் முடிவு.

இதை அப்படியே உங்களுக்குப் பொருத்த மாட்டேன். அவர்கள் கடும் வறுமையிலிருந்து வெளியே வந்தவர்கள். கூடுவாஞ்சேரி ஒன்றும் மோசமான இடமில்லை. அங்கேயும் நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். உங்கள் விஷயத்தில் எனக்கு உறுத்துவது நேரம். இருவரும் தினமும் கிண்டி போய்த் திரும்ப எப்படியும் ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகப் போகும். மகளுக்கு மாலை ஐந்திலிருந்து எட்டு வரை யார் துணை? இப்போது மாடிவீட்டு அக்காவோ, எதிர்வீட்டுத் தாத்தாவோ எட்டிப் பார்ப்பார்கள். அதற்கும் சேர்த்துத்தான் அந்த 17,000. அதை முழுசாகத் தண்டம் என்று எழுதிவிட முடியாது.

என் யோசனை: மகள் பத்தாம் வகுப்பு முடிக்கும்வரை, அதாவது எட்டு வருடம், அங்கேயே இருங்கள். அப்போது மகன் ஆறாம் வகுப்புக்குப் போவான். இருவருக்கும் பள்ளி மாற்றத் தோதான நேரம். 12 லட்சத்தில் 4 லட்சத்தை எஃப்டியில் அவசரத்துக்கு ஒதுக்குங்கள். தவணைக்கும் வாடகைக்கும் உள்ள வித்தியாசத்தில் 15,000 ரூபாயை மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்ட் எஸ்ஐபியில் போடுங்கள். ஆண்டுக்கு 10% கிடைத்தால் எட்டு வருடத்தில் சுமார் 22 லட்சம். கிடைத்தே தீரும் என்று எழுதித் தர முடியாது. வாடகையும் ஏறும், வீட்டு விலையும் ஏறும், சம்பளமும் ஏறும். வாடகை எக்கச்சக்கமாகப் போனால் பக்கத்தில் ஆதம்பாக்கம், மடிப்பாக்கம் என்று பாருங்கள். பெரிய பேர் எடுத்த ஏரியாவுக்காகக் கூடுதல் கொடுக்க வேண்டாம். அது உங்கள் கௌரவத்துக்கு ஆகும் செலவு.

இல்லை, வாங்கியே ஆக வேண்டும் என்று வீட்டில் முடிவானால், தள்ளிப்போடாமல் மகள் சின்னவளாக இருக்கும்போதே போய்விடுங்கள். ஒன்பதாம் வகுப்பில் பள்ளி மாற்றுவது பெரிய பாடு. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு வேலைநாள் மாலை அங்கே போய் நில்லுங்கள். கீழே பிள்ளைகள் விளையாடுகிறார்களா, எத்தனை ஜன்னலில் விளக்கு எரிகிறது என்று பாருங்கள். பாதி ஃபிளாட் இருட்டாக இருந்தால் முதலீட்டுக்கு வாங்கிப் போட்டவர்கள்தான் அதிகம். விலையை இன்னும் குறைத்துப் பேசலாம், ஆனால் குடிபோக அவசரப்படாதீர்கள்.