21 என்ற எண் தீர்ப்பு ஆகாது

கேள்வி: மயாமி பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணியின் வரலாற்றிலேயே சிறந்த டிஃபென்சிவ் பேக் (எதிரணியின் பாஸ்களைத் தடுக்கும் பின்வரிசை வீரர்) யார் என்று நண்பர்களுக்குள் ஓயாத சண்டை. 21 இன்டர்செப்ஷனுடன் (எதிரணி வீசிய பந்தை இடையில் பறிப்பது) முதலிடத்தில் இருப்பவர் எட் ரீட். ஷான் டெய்லர்தான் என்று ஒருவன் பிடிவாதம் பிடிக்கிறான். கணக்கே சொல்லிவிட்ட பிறகு என்ன வாதம்? தவிர, கார்னர்பேக்குகளின் (ஓரங்களைக் காக்கும் டிஃபென்சிவ் பேக்குகள்) பெயரை யாருமே எடுப்பதில்லை. அவர்கள் அவ்வளவு மட்டமா?
(ஃப்ளோரிடா வாசகர்)

பதில்: விடை சரி, வழி தப்பு. கணக்கு வாத்தியார் பாதி மார்க்தான் போடுவார்.

முதலில் அந்த 21-ஐப் பிரித்துப் பாருங்கள். 1998-ல் 2, 1999-ல் 2, 2000-ல் 8, 2001-ல் 9. அதாவது 17 கடைசி இரண்டு வருடத்தில் வந்தவை. அதே ரீட்தான், அதே கைதான். மாறியது என்ன? அவர் தேறியது பாதி, சுற்றியிருந்த அணி தேறியது மீதி. 2001 அணியில் இரு ஓரங்களிலும் ஃபிலிப் புக்கானன், மைக் ரம்ஃப். ரீடையும் சேர்த்து மூவருமே 2002 டிராஃப்டின் (தொழில்முறை லீக்கான என்எப்எல்லின் அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுப்பது) முதல் சுற்றில் போனவர்கள். 12 ஆட்டங்களில் அந்த அணி விட்டுக்கொடுத்தது மொத்தமே 117 புள்ளி. முன்வரிசை விரட்ட, ஓரங்கள் அடைபட, பந்தை வீசும் குவார்ட்டர்பேக் அவசரத்தில் நடுவே தூக்கிப் போடுகிறான். அங்கே நிற்பவருக்குப் பந்து வரத்தானே செய்யும்?

ரீடின் மிகப் பெயர்பெற்ற ஆட்டத்தையே எடுங்கள். 2001 நவம்பர், பாஸ்டன் காலேஜ். மயாமியால் ஒரு டச்டவுன்கூட (பந்தை எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோவது, 6 புள்ளி) போட முடியவில்லை, நான்கு ஃபீல்டு கோலில் (கம்பங்களுக்கு நடுவே உதைப்பது, 3 புள்ளி) 12-7 என்று தொங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு நிமிடம்கூட மீதியில்லை. எதிரணி கோல் கோட்டுக்கு அருகில். பாஸ் வருகிறது, ரம்ஃபின் காலில் பட்டுத் தெறிக்கிறது, முன்வரிசைத் தடியர் மேட் வால்டர்ஸின் கையில் போய் விழுகிறது. அவர் தட்டுத்தடுமாறி ஓடத் தொடங்க, பின்னாலிருந்து ரீட் வந்து தன் அணிக்காரர் கையிலிருந்தே பந்தைப் பிடுங்கிக்கொண்டு 80 யார்டு ஓடி டச்டவுன் போடுகிறார். 18-7. தேசிய சாம்பியன் பட்டம் பிழைத்த இடம் அது.

இப்போது உங்கள் கணக்குக்கு வாருங்கள். விதிப்படி இன்டர்செப்ஷன், பந்தை முதலில் கைப்பற்றிய வால்டர்ஸ் பெயரில்தான் எழுதப்படும். ரீடுக்கு ஓடிய தூரம் மட்டுமே. அவரைப் பற்றி எல்லோரும் சொல்லும் அந்த ஒரு ஆட்டம், நீங்கள் தூக்கிப் பிடிக்கும் 21-க்குள்ளேயே இல்லை! (பயிற்சியாளர் கண்ணால் பார்த்தால் அது விஷப்பரீட்சை. முன்னிலையில் இருக்கும்போது பந்தோடு அப்படியே தரையில் படுத்துவிட வேண்டும். பிடுங்கியபோது நழுவியிருந்தால் இன்று வேறு கதை பேசிக்கொண்டிருப்போம்.)

உங்கள் நண்பர் டெய்லரைச் சொல்வதில் நியாயம் உண்டு. 2003-ல் மட்டும் 10 இன்டர்செப்ஷன், அதில் மூன்றை டச்டவுனாக மாற்றினார். ஆனால் அந்த 10 என்ற எண்ணை 1986-லேயே பென்னி பிளேட்ஸ் தொட்டுவிட்டார். உங்கள் கடிதத்தில் அந்தப் பெயரே இல்லை. பருவ முடிவில் நடக்கும் பவுல் ஆட்டங்களைத் தேசியப் புள்ளிவிவரத்தில் சேர்க்கத் தொடங்கியது 2002-ல்தான். பிளேட்ஸின் 10, பதினோரு ஆட்டப் பருவத்தில் எடுத்தது. டெய்லரின் அணி ஆடியது பவுலோடு சேர்த்துப் பதின்மூன்று. சரிசமமான எண், சரிசமமான வேலை இல்லை.

டெய்லரின் இன்னொரு பக்கம் அவருடைய அடி. ரிசீவர் பந்தைப் பிடிக்கும் முன்பே தோள் வந்து இறங்கும். அடுத்த முறை அதே ரிசீவர் நடுவில் ஓடும்போது பந்தைப் பார்க்காமல் ஆளைப் பார்ப்பார். புள்ளிவிவரத்தில் ஏறாத லாபம் இது. ஆனால் 2013 முதல் தலையைக் குறிவைத்து மோதினால் ஆட்டத்தை விட்டே வெளியேற்றும் விதி வந்துவிட்டது. இன்றைய நடுவர்கள் முன்னால் அந்த அடிகளில் எத்தனை தேறும் என்பது கேள்விதான். 2007-ல் 24 வயதில் அவர் சுட்டுக் கொல்லப்பட்ட துக்கமும் பலருடைய மார்க்கில் கலந்திருக்கிறது. மனிதர்கள்தானே, கலக்கட்டும். ஆனால் கலந்திருக்கிறது என்று தெரிந்து போடுங்கள்.

பிறகு எதை வைத்து எடை போடுவது? மைதானத்தை வைத்து. அகலம் 160 அடி. பந்து வைக்கப்படும் ஹாஷ் கோடுகள் இரண்டுக்கும் இடையே கல்லூரி ஆட்டத்தில் 40 அடி. என்எப்எல்லில் 18 அடி 6 அங்குலம்தான். பந்து இடது ஹாஷில் இருந்தால் ஒரு பக்கம் 60 அடி, மறுபக்கம் 100 அடி திறந்துகிடக்கும். பின்னால் ஒற்றை சேஃப்டியாக (கடைசிக் காவலர்; ரீடும் டெய்லரும் ஆடிய இடம் இதுதான்) நிற்பவர் அந்த 100 அடிப் பக்கத்து ஓரம்வரை போய்ச் சேர வேண்டும். அதற்குக் காலைவிடக் கண் முக்கியம். பழைய வீடியோவைப் போட்டு பந்தைப் பார்க்காதீர்கள், சேஃப்டியின் முதல் இரண்டு எட்டைப் பாருங்கள். ஓட்டக்காரரிடம் பந்தைக் கொடுப்பதுபோல் குவார்ட்டர்பேக் பாவனை காட்டும்போது அந்த இரண்டு எட்டு முன்னால் வந்துவிட்டால் போச்சு; ரிசீவர் முதுகுக்குப் பின்னால் போய்விடுவார், திரும்பி ஓடினாலும் பிடிக்க முடியாது. ரீட் அந்த எட்டை அபூர்வமாகவே வைத்தார். அதைவிட மோசம் (எதிரணிக்கு), ஒரு பக்கம் சாய்வதுபோல் நின்று மறுபக்கம் காலி என்று நம்பவைத்து, பந்து கையை விட்டதும் அங்கே போய் நிற்பார். டெய்லர் தூரத்தை ஓடிக் கடந்தார். ரீட் கடக்க வேண்டிய தூரத்தையே குறைத்துக்கொண்டார். என் ஓட்டு ரீடுக்கு விழுவது இதனால்தான், 21-னால் அல்ல.

கார்னர்பேக்குகள் மட்டமா என்கிறீர்கள். தலைகீழ். நல்ல கார்னர் பக்கம் பந்தே வராது, வராத பந்தை எப்படிப் பிடிப்பது? 2003-ல் பிட்ஸ்பர்க் அணியின் லாரி ஃபிட்ஸ்ஜெரால்டு தொடர்ந்து 18 ஆட்டங்களில் டச்டவுன் போட்டுக்கொண்டு வந்தார். மயாமிக்கு எதிராக ஆன்ட்ரல் ரோல் அவரை மறித்தபோது கிடைத்தது 3 பந்து, 26 யார்டு, டச்டவுன் இல்லை. ரோலின் கணக்கில் இதற்கென்று ஒரு கட்டம்கூடக் கிடையாது. சேஃப்டியையும் கார்னரையும் ஒரே பட்டியலில் போட்டு அடித்துக்கொள்வதால்தான் இப்படி. தனியாகப் போடுங்கள், கார்னரில் ரோல் முதலில் வருவார்.

டிராஃப்ட் வரிசையை வைத்துத் தீர்க்கலாம் என்று யாராவது கிளம்புவார்கள். பிளேட்ஸ் 3, டெய்லர் 5, ரோல் 8, புக்கானன் 17, ரீட் 24, ரம்ஃப் 27. அந்தத் தராசில் உங்கள் ரீடுக்கு ஐந்தாம் இடம்! விருதைப் பார்ப்போமா? சிறந்த டிஃபென்சிவ் பேக்குக்கான தோர்ப் விருதை 2001-ல் ரீடுக்குக் கொடுக்கவில்லை, ஓக்லஹோமாவின் ராய் வில்லியம்ஸ் வாங்கினார். 2003-ல் டெய்லருக்கும் இல்லை, ஓக்லஹோமாவின் டெரிக் ஸ்ட்ரெய்ட். மூவரில் அதை வாங்கியவர் நீங்கள் மறந்த பிளேட்ஸ் மட்டுமே, 1987-ல். அதுவும் பாதிதான், மறுபாதி ரிக்கி டிக்சனுக்குப் போனது. அவர் எந்த அணி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.