அடம், மௌனம், அழுகை: மூளைக்குள் என்ன நடக்கிறது?

கேள்வி: மூன்று வயது மகள் கடையில் கேட்டது கிடைக்காவிட்டால் தரையில் புரண்டு அழுகிறாள். எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் கேட்பதில்லை. செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டேனா?

இல்லை, அந்த வயதில் இது இயல்பு. ஆத்திரத்துக்குக் கடிவாளம் போடுவது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி. அது முழுதாக முதிர 25 வயது வரைகூட ஆகும். அழுகை உச்சத்தில் இருக்கும்போது எந்த நியாயமும் அவள் காதில் ஏறாது.

முதலில் கூட்டத்தை விட்டு ஓரமாகத் தூக்கிப் போங்கள். அவள் கண்மட்டத்துக்குக் குனிந்து, தணிந்த குரலில் ஒரே ஒரு வாக்கியம்: "பொம்மை கிடைக்கலன்னு கோபமா இருக்கா, கண்ணு?" உணர்ச்சிக்குப் பெயர் சொல்லும்போது மூளையின் அபாயமணியான அமிக்டலா அடங்குவதை 2007இல் அமெரிக்க உளவியலாளர் மேத்யூ லீபர்மனின் குழு ஸ்கேனில் காட்டியது. அது பெரியவர்களிடம் செய்த ஆய்வு. ஆனாலும் குழந்தை அந்தச் சொல்லை உங்களிடமிருந்துதானே கற்க வேண்டும்? அணைக்க விட்டால் அணையுங்கள். உதறினால் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். விசும்பல் நின்று மூச்சு சீரான பிறகு காரணம் சொல்லுங்கள்.

பலர் சறுக்குவது ஓரிடத்தில்: நான்கு நாள் மறுத்து, ஐந்தாம் நாள் வாங்கிக் கொடுத்துவிடுவது. எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசைத்தான் மூளை விடாமல் துரத்தும். அடம் கூடுமே தவிரக் குறையாது.

கேள்வி: சண்டை வந்தால் கணவர் வாயே திறப்பதில்லை, எழுந்து போய்விடுகிறார். இது அலட்சியமா?

பெரும்பாலும் இல்லை. தம்பதிகளைப் பேசவிட்டு இதயத் துடிப்பை அளந்தவர் அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன். துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டினால், எதிரில் இருப்பவர் சொல்வதை வாங்கிக்கொள்வது கடினம் என்கிறார். வெளியே கல்லாக உட்கார்ந்திருப்பவருக்கும் உள்ளே படபடவென்று அடித்துக்கொண்டிருக்கலாம்.

மணிக்கட்டில் 15 விநாடி நாடி பார்த்து, நான்கால் பெருக்குங்கள். 100க்கு மேல் என்றால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். உடம்பு தணியக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும். "எட்டரைக்குப் பேசலாம்" என்று நேரம் சொல்லிவிட்டு எழ வேண்டும். சொல்லாமல் போவதுதான் புண்படுத்துகிறது. எழுந்தவரேதான் திரும்பி வந்து பேச்சைத் தொடங்கவும் வேண்டும்.

அந்த இடைவெளியில் பதிலடி வசனம் தயாரித்தால் துடிப்பு இறங்காது. நடங்கள், பாத்திரம் கழுவுங்கள். நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். மூச்சு வெளியேறும்போது மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பு இதயத்தை நிதானப்படுத்தும்.

அடியும் மிரட்டலும் உள்ள வீட்டுக்கு இந்த யோசனை பொருந்தாது. 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழையுங்கள்.

கேள்வி: பத்தாவது படிக்கும் மகன் நள்ளிரவு வரை தூங்குவதில்லை, காலையில் எழுவதில்லை. சோம்பலா?

சோம்பல் அல்ல. பதின்ம வயதில், தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் ஹார்மோனின் சுரப்பு ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப்போகிறது. ஆனால் அவனுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. எழுந்ததும் 20 நிமிடம் வெளிச்சத்தில் நிற்கட்டும். கைபேசி இரவு வேறு அறையில் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமையும் வழக்கத்தைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகத் தூங்கவிடாதீர்கள்.

கேள்வி: மருமகளுக்குக் குழந்தை பிறந்து மூன்று வாரம். எப்போதும் அழுகிறாள். தானாகச் சரியாகுமா?

காத்திருக்க வேண்டாம். பிரசவத்துக்குப் பின் ஹார்மோன்கள் சடாரென்று இறங்குவதால் வரும் அழுகை இரண்டு வாரத்துக்குள் வடிந்துவிடும். அதைத் தாண்டினால் மனச்சோர்வாக இருக்கலாம், சிகிச்சையில் குணமாகும். இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், தமிழிலும் பேசலாம். இரவில் ஒரு வேளை குழந்தையை நீங்கள் வைத்துக்கொண்டு, அவளைத் தொடர்ந்து நான்கு மணி நேரமாவது தூங்கவிடுங்கள். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவேனோ என்று அவள் சொன்னால், தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.